தம்பி கேட்ட பன்னிரண்டு

என் தம்பி பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான். இந்தத் தடவை அவன் பிடித்த முயலின் பெயர் பன்னிரண்டு.

பந்தய வண்டிக்கு எஞ்சின் கட்டுவது நான், ஓட்டுவது அவன். பிஸ்டன் மேலே வரும்போது பெட்ரோலும் காற்றும் பன்னிரண்டில் ஒரு பங்காக நசுங்க வேண்டும், அப்போதுதான் இழுவை கூடும் என்றான். அதற்குத் தோதாக, எஞ்சினை மேலே மூடுகிற, பெட்ரோல் எரியும் குழி சின்னதாக இருக்கிற அலுமினிய ஹெட் ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்து, குழந்தையைக் கிடத்துவதுபோல் என் மேஜையில் துணி விரித்து வைத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்தயத்தில் எல்லோருக்கும் ஊற்றுவது சாதாரண பங்க் பெட்ரோல். அது பத்துதான் தாங்கும். அதற்கு மேல் நசுக்கினால் நேரத்துக்கு முன்னாலேயே பற்றி, பிஸ்டனின் மண்டையில் சுத்தியலால் அடிக்கும். போன வருடம், வேறொருவர் கட்டிக்கொடுத்த எஞ்சின் இப்படித்தான் உடைந்து, எண்ணெய் பின் டயரில் கொட்டி, இவன் சுவரில் போய் மோதினான். இடது மணிக்கட்டில் இன்னும் இரும்புத் தகடு இருக்கிறது. பட்டும் புத்தி வரவில்லையே என்று கத்தினேன்.

அவன் பதிலுக்குக் கத்தவில்லை. அதுதான் வினை. பெரிய டீம் ஒன்று ஆள் பார்க்க வருகிறது, இதை விட்டால் தன் வயதுக்கு இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்றான். "பத்தை வெச்சுக்கிட்டு யாரைக்கா முந்தறது? எனக்கே நம்பிக்கை வராதே."

அவன் போன பிறகு அவன் மனைவி வந்தாள். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காக அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டவள். ஹெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அண்ணி, அவர் கேக்கறதையெல்லாம் குடுத்துடாதீங்க," என்றாள்.

கொடுக்கவில்லை. கொடுத்ததாகச் சொன்னேன். போட்டது அதே ஹெட்தான், ஆனால் ஒவ்வொரு குழியையும் குடைந்து அகலமாக்கினேன். கொஞ்சம் குடைவது, துளைபோட்ட கண்ணாடித் தகட்டால் மூடி ஊசியால் எண்ணெய் விட்டு எவ்வளவு கொள்கிறது என்று பார்ப்பது, மறுபடி குடைவது. எல்லாக் குழியும் ஒரே அளவு கொண்டபோது கணக்கு பத்துக்கு வந்திருந்தது. போல்ட்டை முறுக்கி மூடிவிட்டால் உள்ளே இருப்பது யாருக்குத் தெரியும்? என் வேலையை அவன் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. பன்னிரண்டா என்று கேட்டான். ஆமாம் என்றேன். என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனான்.

பந்தயத்தில் இரண்டாவதாக வந்தான். கடைசி வளைவுக்கு முன்னால், முந்த இடமே இல்லாத இடத்தில், பக்கத்து வண்டியோடு உரசிக்கொண்டு நுழைந்தான். பின் டயர் ஜல்லியில் இறங்கி, வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி, எப்படியோ மேலே ஏறியது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் எஞ்சின் முனகக்கூட இல்லை. பொய் சொல்லியாவது இவனைக் காப்பாற்றிவிட்டேன் என்று பூரித்துப்போனேன்.

டீம் அவனை எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு, பன்னிரண்டு என்று ஊரெல்லாம் தமுக்கடித்தான். பந்தயக்காரர்கள் அவனை 'பன்னெண்டு' என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று குத்தும். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். அவன் முகத்தைப் பார்த்தால் நா எழாது.

நேற்று பட்டறையில் போனை என் முன்னால் ஸ்பீக்கரில் போட்டு வைத்தான். பேசியது டீமின் மெக்கானிக். உங்கள் தம்பி புது வண்டிக்குப் பன்னிரண்டு வைக்கச் சொல்கிறார், இதே பெட்ரோலில் நீங்கள் ஓடவிட்டதாகச் சொல்கிறார், நம்பி வைக்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார். தம்பி, சொல்லு சொல்லு என்று சிரித்தபடி தலையாட்டினான்.

இதற்கு மேலும் மறைத்தால் நானே அவனைச் சுவரில் கொண்டுபோய் மோதியது போலத்தான்.

"தாங்காதுங்க. நான் வெச்சது பத்து," என்றேன்.

தம்பியின் சிரிப்பு அப்படியே நின்றது. திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. தகடு வைத்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அந்தக் கடைசி வளைவுல, பன்னெண்டு இருக்கு, இழுத்துடும்னு நம்பித்தான்க்கா உள்ள நுழைஞ்சேன். பத்துன்னு தெரிஞ்சிருந்தா பிரேக் போட்டிருப்பேன்."

போனில் அந்த மெக்கானிக், அப்படியானால் எவ்வளவுதான் வைக்கட்டும் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.