சம்பந்தி பத்திரப்படுத்திய வீடு

இப்போது ஜனங்களுக்கு யார் சொன்னாலும் நம்பிக்கை வருகிறது, வீட்டில் இருக்கிற மனுஷன் சொன்னால் மட்டும் வருவதில்லை. பிள்ளை தும்மினால் செல்லைத் திறந்து, எந்த ஊரிலோ உட்கார்ந்திருக்கிற முகம் தெரியாத ஒருத்தி பேசுவதைக் கேட்கிறார்கள். பிள்ளை நடக்க ஆரம்பித்தால் மேசைக்குப் பஞ்சு ஒட்டுகிறார்கள், சுவர் பிளக்குக்கு மூடி போடுகிறார்கள். பிள்ளைக்காகப் பயப்படுகிறார்களா, பிள்ளையைக் கண்டே பயப்படுகிறார்களா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நான் தீர்த்தகிரி. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் தக்காளியும் மக்காச்சோளமும் போடுகிறேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். என் மகன் கதிரவனுக்கும் மருமகள் யுவராணிக்கும் ஓசூரில் வேலை. யுவராணிக்குப் பிள்ளை பெற்ற லீவு முடிந்து, அதற்கு மேல் சம்பளம் இல்லாமல் எடுத்த லீவும் முடியப் போகிறது. எங்கள் வீட்டில்தான் பிறந்ததிலிருந்து இருக்கிற பேத்தி காவியா இப்போதுதான் தத்தக்கா பித்தக்கா என்று நடக்கிறாள். பகலில் அவள் எங்கே இருப்பது என்பதுதான் பேச்சு. என்னிடமும் என் சம்சாரம் பாஞ்சாலியிடமும் இருந்தால் மகனும் மருமகளும் இங்கிருந்தே பஸ்ஸில் போய் வருவார்கள். ஓசூரில் யுவராணியின் அப்பா வீட்டில் இருந்தால் இவர்களும் அங்கே குடிபோய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மனசு வந்தால் வருவார்கள்.

"அப்பா வந்து வூட்டைப் பாக்கட்டும் மாமா. பாப்பாவுக்குப் பத்திரம்னு அவரு சொல்லிட்டா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றாள் யுவராணி.

நான் கட்டிய வீட்டுக்கு அவர் வந்து மார்க் போடவேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பிள்ளை ஓசூருக்குப் போய்விடும்.

சம்பந்தி மாதேஸ்வரன் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். யாரும் மெஷினில் கையை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதே அங்கே அவருக்கு வேலையாம். அதற்கு ஒரு சம்பளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் வந்து இறங்கினார். தேய்த்த சட்டை, சுத்தமான நகம், சென்ட் வாசனை. ஒரு கையில் டிரில்லிங் மெஷின், இன்னொரு கையில் பெரிய பை. வாசலில் நின்று "பாப்பா" என்று ஒரு குரல்தான் கொடுத்தார். உள்ளே பாஞ்சாலி இடுப்பில் இருந்த பிள்ளை வழுக்கி இறங்கி, விழுந்து எழுந்து அவர் காலைக் கட்டிக்கொண்டது. தினமும் காலையில் நான் கூப்பிட்டால் என் மீசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிற பிள்ளை அது.

"வாங்க சம்பந்தி" என்றேன். கூப்பிட வேண்டியிருந்தது.

காபியைக் குடித்தவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, முட்டி போட்டு, வீடு முழுக்கத் தவழ ஆரம்பித்துவிட்டார். பேரன் பேத்தி எடுத்த மனுஷன் மாடு மாதிரி நாலு காலில் போகிறார். பின்னாலேயே பிள்ளையும் சிரித்துக்கொண்டு தவழ்கிறது.

"என்ன சம்பந்தி, எதாச்சும் தொலைச்சிட்டீங்களா?" என்றேன்.

"இல்லீங்க சம்பந்தி. பாப்பா உசரத்துல இருந்து பாத்தா வூடு வேற மாதிரி தெரியும். நீங்களும் ஒருக்கா இறங்கிப் பாருங்க."

"நான் எதுக்குங்க இறங்கணும்? கண்ணை மூடிக்கிட்டு நடப்பேன் இந்த வூட்டுல."

"கட்டிலுக்கு அடியில ஒரு ஆணி நிமிந்து நிக்குதுங்களே."

"அது எந்தக் காலத்து ஆணி. இதுவரைக்கும் யாரையும் குத்தலை."

"அந்த உசரத்துக்கு இதுவரைக்கும் ஆள் வரலீங்களே."

பாஞ்சாலி சிரித்துவிட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

"ஏன்டா கதிரவா, நீயும் இந்த வூட்டுலதானே தவழ்ந்த? உனக்கு என்ன ஆச்சு?" என்று மகனைக் கேட்டேன்.

அவன் நெற்றியில் முடியை ஒதுக்கி, தையல் போட்ட தழும்பைக் காட்டினான். அம்மிக்கல்லில் விழுந்தது. தையல் போட்டார்கள், ஆறிவிட்டது. அதற்குப் பிறகு டிப்ளமோ படித்து வேலைக்கும் போய்விட்டான். இதையெல்லாம் சொன்னால் எடுபடாது.

மத்தியானத்துக்குள் என் வீடு அவர் வீடு மாதிரி ஆகிவிட்டது. பிளக் ஓட்டைக்கெல்லாம் வெள்ளை மூடி. டிவி மேசை முனைக்குப் பஞ்சு. பீரோவைச் சுவரோடு சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார். பாத்ரூமில் தண்ணீர் பிடித்து வைத்திருந்த பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு, "கால் பக்கெட்டுத் தண்ணி போதுங்க, தலைகுப்புற விழுந்தா பிள்ளைக்கு எந்திரிக்கத் தெரியாது" என்றார். பாஞ்சாலியின் சர்க்கரை மாத்திரை ஜன்னலிலிருந்து அலமாரி உச்சிக்குப் போனது. சமையலறை வாசலுக்கு ஒரு கேட்டு. அதை ஒரு பக்கம் அழுத்தி, ஒரு பக்கம் தூக்கித்தான் திறக்க வேண்டும். எனக்கு அது திறக்கவில்லை. தண்ணீர் குடிக்க அந்தக் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று செம்பை நீட்டினேன்.

"ஜெயில்ல சோறு வாங்குற மாதிரி இருக்குதுங்க" என்று பாஞ்சாலி அதற்கும் சிரித்தாள்.

கடைசியில் என்னிடம் வந்தார். "வயலுக்கு அடிக்கிற மருந்தெல்லாம் எங்க வெப்பீங்க?"

"கொட்டாயில."

கொல்லைப்பக்கம் இருக்கிற கொட்டாயைப் போய்ப் பார்த்தார். மருந்து டப்பா, விதை மூட்டை, மண்வெட்டி, எல்லாம் அங்கேதான் கிடக்கும். பையிலிருந்து புதுப் பூட்டு ஒன்றை எடுத்துப் போட்டு, "சாவி உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்று என் கையில் கொடுத்தார். என் கொட்டாய்க்கு எனக்கே சாவி தானம்.

யுவராணி வந்து நின்றாள். "என்னப்பா சொல்றீங்க?"

"தாராளமா இங்கயே இருக்கட்டும்மா. வூடு நல்லா காத்தோட்டமா இருக்குது. ஆத்தாளும் தாத்தனும் பக்கத்துலயே இருக்காங்க. ஓசூர்ல எங்களை மாதிரி மாடியில அடைஞ்சு கிடக்கிறதுக்கு இது மேல்" என்றார்.

யுவராணி முகம் தெளிந்துவிட்டது. கதிரவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் சந்தோஷமாக இருக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். என் பேத்தி என் வீட்டில் இருக்க அந்த மனுஷன் உத்தரவு கொடுக்கிறார். உத்தரவு கொடுத்துவிட்டுக் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். பிள்ளை அவர் மடியில் ஏறி, கண்ணாடியைப் பிடித்து இழுத்து, "த்தா" என்றது. வீட்டில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள்.

"பாப்பா தாத்தான்னு சொல்லிட்டா அண்ணா" என்று பாஞ்சாலி கையைத் தட்டினாள்.

பிள்ளை முதலில் சொன்ன தாத்தா. தினமும் காக்காய் காட்டிச் சோறு சாப்பிடவைக்கிற எனக்கு அதைச் சொல்லவில்லை, டிரில்லிங் மெஷினோடு வந்தவருக்குச் சொல்லிவிட்டது. எழுந்து கொல்லைப்பக்கம் போனேன்.

சாவி இருந்தது, கொட்டாயைத் திறந்தேன். விதைத்தது போக மீந்த மக்காச்சோள விதை பாக்கெட்டில் கொஞ்சம் இருந்தது. கடையில் வாங்குகிற விதை நல்ல ரோஸ் நிறமாக இருக்கும். ஒரு சின்னக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் இரண்டு கை அள்ளிப் போட்டு மூடியை முறுக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன், பெரிய ஆளே திறக்க முடியாது. குலுக்கிப் பார்த்தேன். மழை ஓட்டில் விழுகிற மாதிரி சத்தம். வெயிலில் பிடித்தால் ரோஸ் பாசிமணி மாதிரி மின்னியது. கடையில் இப்படி ஒரு சாமான் கிடைக்காது.

கூடத்து வாசலில் நின்று ஒரு குலுக்குக் குலுக்கினேன். பிள்ளை திரும்பியது. இன்னொரு குலுக்கு. சம்பந்தியின் கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டு, மடியிலிருந்து இறங்கி, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி என்னிடம் நடந்து வந்தாள் என் பேத்தி. நடுவில் அவர் "பாப்பா, இங்க வா" என்று கூப்பிட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்தேன், மடியில் உட்கார்ந்துகொண்டாள். அவள் தலை என் நெஞ்சில் முட்டிக்கொண்டிருந்தது. மீசையை மறந்துவிட்டாள்.

"உங்ககிட்ட ஒட்டிக்கிட்டா பாருங்க" என்றார் சம்பந்தி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். உள்ளே என்ன இருந்ததோ.

"எங்க வூட்டு ரத்தம் இல்லீங்களா" என்றேன்.

பிள்ளை பாட்டிலைக் குலுக்கினாள், கட்டிக்கொண்டாள், மூடியைக் கடித்தாள். ரொம்ப நேரம் அப்படி இருந்தோம். யுவராணி சோற்றுக் கிண்ணத்தோடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். வந்தவள் நின்றுவிட்டாள்.

"மாமா, பாப்பா வாயி ஏன் ரோஸா இருக்குது?"

"சாயம்மா அது. விதையில போடுற சாயம்."

சம்பந்தி எழுந்து வந்து பாட்டிலை வாங்கிப் பார்த்தார். "பூச்சி மருந்து போட்ட விதைங்க சம்பந்தி இது."

"மூடி இறுக்கமா இருக்குது பாருங்க. ஒரு விதை வெளிய வந்துச்சா?"

"விதை வரலீங்க. உங்க கையைப் பாருங்க."

பார்த்தேன். உள்ளங்கை ரோஸாக இருந்தது. பாட்டிலின் வெளிப்பக்கம் முழுக்க என் விரல் பட்ட இடமெல்லாம் ரோஸ், மூடியிலும் ரோஸ். விதையை அள்ளுகிறவன் கை அப்படித்தான் இருக்கும். விதைப்பு முடிந்து அந்தக் கையால் பீடி பற்றவைக்காத குடியானவன் எங்கள் பக்கம் யார் இருக்கிறான்?

அதற்குப் பிறகு யாரும் நான் பேசியதைக் கேட்கவில்லை. யுவராணி பிள்ளையின் வாயைக் கழுவினாள், நாக்கைத் துணியால் துடைத்தாள். பிள்ளை வீறிட்டது. சம்பந்தி காரை எடுத்தார். கதிரவன் கொட்டாயில் ஓடிப்போய் விதைப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டான். நானும் காரில் ஏறப் போனேன், இடம் இல்லை என்றார்கள். இடம் இருந்தது.

பாலக்கோட்டில் ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். அவர் பாக்கெட்டை வாங்கிப் படித்துவிட்டு, கொஞ்ச நேரம் படுக்கவைத்துப் பார்த்து, மேலே பட்டதை நக்கியதுதான், பயப்பட ஒன்றுமில்லை, வாந்தி வந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். சாயங்காலம் கார் திரும்பி வந்தது. பிள்ளை இறங்கிக் கோழியைத் துரத்தியது.

"பாத்தீங்களா, ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நான் அப்பவே சொன்னேன்" என்றேன்.

கதிரவன் பாக்கெட்டை என் முன்னால் நீட்டினான். "இதுல மண்டையோட்டுப் படம் போட்டிருக்குதுப்பா."

"அவன் மேல கேஸு வராம இருக்கப் போட்டிருப்பான். எல்லா பாக்கெட்டுலயும் போடுறான்."

யுவராணி உள்ளே போய்ப் பிள்ளையின் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. காலையில போனா இருட்டுக்குத்தான் வருவோம். அந்த நேரம் பூரா எனக்கு அந்த ரோஸ் வாயிதான் கண்ணுல நிக்கும். வேலை ஓடாது."

"அதுக்கு?"

"ஓசூர்லயே இருக்கட்டும்."

பாஞ்சாலி சேலையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்போது சம்பந்தி குறுக்கே வந்தார். "அப்படி முடிவு பண்ணாதம்மா. சம்பந்தி ஆசையில தெரியாம பண்ணிட்டாரு. இனிமே பாத்துக்குவாரு. நான் சொல்றேன், பாப்பா இங்கயே இருக்கட்டும்."

யுவராணி அப்பாவைப் பார்த்தாள். கை பையின் மேலேயே நின்றது. இன்னும் இரண்டு வார்த்தை அவர் பேசியிருந்தால் பையைக் கீழே வைத்திருப்பாள், அது எனக்குத் தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை. மத்தியானம் உத்தரவு கொடுத்தார், இப்போது சிபாரிசு. நாளைக்குப் பிள்ளை வளர்ந்தால், ஓசூர் தாத்தா சொன்னதால்தான் உன்னை அந்த வீட்டில் விட்டோம் என்று சொல்வார்கள்.

"எனக்காக நீங்க ஒண்ணும் பேச வேணாங்க" என்றேன். "கூட்டிக்கிட்டுப் போங்க."

"ஏங்க" என்றாள் பாஞ்சாலி.

"நீ சும்மா இரு."

சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். யுவராணி பையின் ஜிப்பை இழுத்தாள்.

காரில் ஏறும்போது ஒரு தடவை தூக்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன். பிள்ளையும் என் பக்கம் சாய்ந்தது, அதை எல்லாரும் பார்த்தார்கள்.

"கை கழுவிட்டீங்களா மாமா?" என்றாள் யுவராணி.

சோப்புப் போட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தேன். தோல் எரிந்தது. கையை இழுத்துக்கொண்டேன். பிள்ளையைச் சம்பந்தி வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை வந்துருங்க சம்பந்தி. அதுவும் உங்க வூடுதான்" என்றார்.

"வயல்ல வேலை கிடக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். பாஞ்சாலி பின்னால் கூப்பிட்டாள், நான் நிற்கவில்லை. அந்த மூடி கழன்று விதை கொட்டியிருந்தால் என் மேல் தப்பு என்று ஒத்துக்கொள்வேன். கழலவில்லை. கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. மோட்டாருக்கு மும்முனைக் கரண்ட் வந்திருக்கும், தக்காளிக்குத் தண்ணீர் திருப்பவேண்டும் என்று வரப்பில் இறங்கிப் போய்க்கொண்டே இருந்தேன்.