கோட்டில் உட்காராத புள்ளி

யுரேனியம் அணுக்கரு பிளந்தால் இரண்டு துண்டாகும். அந்தத் துண்டுகளில் எந்த ஐசோடோப் எவ்வளவு பிறக்கிறது என்று அளப்பது என் வேலை. எவ்வளவு பிறக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கணினியில் கோடு இழுப்பது என் வீட்டுக்காரர் வேலை. ஒரே ஆய்வகம், ஒரே வீடு, ஒரே தலைவலி.

நான் அளந்த புள்ளிகள் எல்லாம் அவர் கோட்டில் சமர்த்தாக உட்கார்ந்தன. பேரியத்தின் ஓர் ஐசோடோப் மட்டும் மேலே ஏறி நின்றது. எங்கள் பிரிவுத் தலைவர் கட்டுரையில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கட்டுரை போகாவிட்டால் எனக்குப் பணி நீட்டிப்பு கிடையாது.

"டிடெக்டரச் சரிபாரும்மா," என்றார். பார்த்தேன். "மறுபடி அளந்து பாரு." அளந்தேன். யுரேனியத் தகட்டை மாற்றினேன், டிடெக்டரையே மாற்றினேன். புள்ளி அசைவேனா என்றது. அந்த மனிதர் பிடித்த முயலுக்கோ மூன்றே கால். கோடு தவறாக இருக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் துலக்கும்போது வீட்டுக்காரரைப் பிடித்தேன்.

"உங்க கோடு மத்த எல்லாத்துலயும் எப்படி இவ்வளவு கச்சிதமா பொருந்துது?"

"பொருந்துற வரைக்கும் ரெண்டு மூணு எண்ணைத் திருகுவோம். எல்லாரும் செய்யறதுதானே?"

"எதோட பொருந்துற வரைக்கும்?"

"ஏற்கெனவே அளந்து வச்சதோட."

"பேரியத்தை அளந்து வச்சது யாரு?"

தட்டைத் துடைத்தபடியே, "உங்க தலைவர்தான். அந்தக் காலத்துல," என்றார்.

கரண்டியைத் தொட்டியில் விட்டெறிந்தேன். இத்தனை மாதம் நான் மல்லுக்கட்டியது கோட்பாட்டோடு இல்லை, கோட்டுக்குள் உட்கார்ந்திருந்த தலைவரோடு! அவர் அளந்தால் கோடு வளையும், நான் அளந்தால் டிடெக்டர் கெட்டிருக்கும்.

மறுநாள் இருவரையும் வைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். தலைவர் தாடையைச் சொறிந்தார். "அப்போ இவ அளவையும் சேர்த்துத் திருகிப் பாருங்க தம்பி."

தம்பி திருகினார். மதியச் சாப்பாட்டுக்குள் கோடு மேலே வளைந்து என் புள்ளியைத் தொட்டுக்கொண்டு போனது.

"பாத்தியாம்மா, இப்பதான் உன் அளவு சரியாயிருக்கு!" தலைவர் பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டார்.

நான் ஓர் இலக்கத்தைக்கூட மாற்றவில்லை. வேலை பிழைத்தது. ஆனால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வீடு திரும்பும் பேருந்தில் சொன்னேன்: "அடுத்து லாந்தனம் ஒண்ணு அளக்கப்போறேன். இதுவரைக்கும் யாரும் அளக்காதது. நான் அளக்கறதுக்கு முன்னாடியே எவ்வளவு வரும்னு சொல்லுங்க, பாப்போம்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, மிகுந்த அன்போடு சொன்னார்:

"நீ முதல்ல அளந்துடு. நான் கரெக்டா சொல்லிடறேன்."