ஒரு சாவி மட்டும்

அந்த மருத்துவமனைக் குழுமத்தில் அவளுக்கு 'கேட்டுக்காரி' என்று பட்டப்பெயர். ரத்த வங்கி, பரிசோதனைக்கூடம், வெளி மருந்துக்கடைகளின் செயலிகள் எல்லாம் ஒன்றிடம் ஒன்று தகவல் கேட்கும் வழிகளுக்கு ஏபிஐ என்று பெயர். துறைக்கொரு வாசலாகத் திறந்து கிடந்த அவற்றை, கிளவுடில், கேட்வே என்ற ஒரே காவல் வாசலுக்குப் பின்னால் கொண்டுவந்தவள் அவள். இனி எந்தச் செயலி வந்தாலும், தனக்கென்று தந்த ரகசியக் குறியீடான சாவி வேண்டும்.

"தண்ணி குடிக்கவும் உங்ககிட்ட சாவி வாங்கணுமா?" என்று கேலி பேசாத துறை இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, கேட்வேக்கு வரும் கோரிக்கைகளைக் காட்டும் திரையில் ஒரு கோடு செங்குத்தாக எகிறியது. ஒரு மருந்துக்கடையின் சாவியைத் திருடிய யாரோ, நோயாளிகளின் மருந்துச் சீட்டுகளைக் கேட்டுச் சரமாரியாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நோயாளியின் அனுமதி இல்லாததால் கேட்வே எதையும் தரவில்லை. ஆனால் அந்த நெரிசலில் மற்ற வேலைகள் திணறத் தொடங்கின.

கணினித் துறைத் தலைவர் பதறி எழுந்தார். "எல்லாத்தையும் நிறுத்தும்மா! வெளிய தெரிஞ்சா நான் எங்க போய் முட்டிக்கிறது?"

அதே நேரம் அவளுடைய கைப்பேசி அடித்தது. ரத்த வங்கியில் வேலை பார்க்கும் நாத்தனார்.

"அண்ணி, ஒரு பொண்ணுக்குக் குழந்தை பிறந்துடுச்சு, ரத்தம் நிக்கல. கிடைக்காத குரூப். எந்தக் கிளையில இருக்குன்னு தேடிட்டிருக்கேன், சிஸ்டம் இழுக்குது. நின்னுடாதுல்ல?"

"நிக்காது. நீ தேடு."

சொன்ன கையோடு தலைவரிடம் திரும்பினாள்.

"சார், எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டாம். அந்த ஒரு சாவிய மட்டும் செல்லாம ஆக்குறேன்."

"வேற வழியா உள்ள வந்தா?"

"வேற வழியே இல்ல சார். மிச்ச வாசலையெல்லாம் அடைச்சுட்டுத்தானே இந்தப் பேரை வாங்கினேன்!"

அவர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி, செய்."

சாவியை ரத்து செய்தாள். எகிறிய கோடு தொப்பென்று விழுந்தது. திருடர்கள் குத்துமதிப்பாக வேறு சாவிகளையெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. பக்கத்திலேயே ரத்த வங்கியின் கோடு நிமிர்ந்து, தன் போக்கில் ஓடியது.

மதியச் சாப்பாட்டுக்கு முன் நாத்தனார் மறுபடி அழைத்தாள். அழுகையும் சிரிப்புமாய்க் குரல் குழறியது. "பக்கத்துக் கிளையிலயே இருந்துச்சு அண்ணி! ஏத்திட்டாங்க. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க!"

அவள் அதை உரக்கச் சொன்னதும் அறையே எழுந்து ஆர்ப்பரித்தது. தலைவர் மேசையைத் தட்டினார். அவளோ இரண்டு விரல்களை வாயில் வைத்து, கண்ணாடி அதிர ஒரு சீட்டி அடித்தாள்.

அவளுக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் அலுவலகத்துக்குத் தெரிந்தது.