அராஸ்கோல் வீட்டு மாப்பிள்ளை

அக்கா ஒரோசியாவுக்கு நவம்பரில் பிரசவம். குழந்தைக்கு எந்தக் குடும்பப் பெயர் முன்னால் வருவது என்ற சண்டை எங்கள் வீட்டில் கோடையிலேயே தொடங்கிவிட்டது.

எங்களுக்கெல்லாம் இரண்டு குடும்பப் பெயர்கள். வழக்கமாக அப்பாவுடையது முன்னால், அம்மாவுடையது பின்னால். பின்னால் இருப்பது அடுத்த தலைமுறையில் உதிர்ந்துவிடும். இப்போது பெற்றோர் சம்மதித்தால் வரிசையை மாற்றலாம். அப்பாவுக்கு மகன் இல்லை. அராஸ்கோல் என்ற பெயரோடு மிஞ்சியிருப்பது அவரும் அக்காவும் நானும்தான். அத்தான் ஃபெர்மின் ஒரு ரூயிஸ். ரூயிஸ்கள் எங்கள் ஊர் ஹுவெஸ்காவில் தெருவுக்கு நாலு பேர்.

"ரூயிஸ் எங்க போனாலும் கிடைக்கும் மாப்ள. அராஸ்கோல் மலைமேல ஒரே வீட்ல முளைச்சது. அப்பன் புள்ளை, அப்பன் புள்ளைன்னு அறுபடாம வந்திருக்கு" என்றார் அப்பா.

"அறுபடாம வந்துச்சுன்னு யாரு பார்த்தா? நிரூபிங்க மாமா, யோசிக்கறேன்" என்றார் அத்தான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பகலில் மருந்துக்கடை வேலை, மாலையில் வம்சாவளி தேடும் வகுப்பு என்று இருப்பவள் நான்தான்.

பழைய பதிவேடுகளில் முறைப்படி தேடத் தொடங்கினேன். அப்பா, அவர் அப்பா, அவருக்கும் அப்பா என்று ஏறி, மாத்தேயோ அராஸ்கோல் வரை போனேன். அந்த மலையூரில் மாத்தேயோவுக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது, பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள், அங்கேயே இறந்தும் இருக்கிறார். அவர் பிறந்ததற்கு மட்டும் தடயம் இல்லை. நான்தான் எங்கோ கோட்டை விட்டிருக்கிறேன் என்று நினைத்து முதலிலிருந்து தேடினேன். அப்போதும் இல்லை.

"ஊருக்கே போய்க் கேட்டுருவோம்" என்றார் அப்பா. அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் வண்டியோட்ட, நாலு பேரும் போனோம்.

அராஸ்கோல் வீட்டு வாசலில் ஒரு பெண் பூட்ஸில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெயர் பெனிதா. அக்காவைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருக்கலாம். அப்பா தன் பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்து, உள்ளே பார்த்து, "அராஸ்கோல்! இங்க வா, உன் பேர்ல ஒருத்தர் வந்திருக்கார்" என்று கணவரைக் கூப்பிட்டாள்.

வந்தவர் அப்பாவின் கையைக் குலுக்கி, "நான் அராஸ்கோல் இல்லீங்க. அடையாள அட்டையில என் பேரு காஸ்தான்" என்றார்.

"அந்தப் பேரைச் சொன்னா இங்க நாய்கூடத் திரும்பாது" என்றாள் பெனிதா. "இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வர்றவங்க எல்லாம் அராஸ்கோல்தான். எங்கப்பாவும் அப்படி வந்தவர்தான். இப்ப அரசாங்கத் தாள்ல மட்டும் பழைய பேர் இருக்கும். அந்தக் காலத்துல பாதிரியாரே வீட்டுப் பேரைத்தான் எழுதுவாரு. புள்ளைங்களுக்கும் அதுதான்."

நான் முந்திக்கொண்டு, "மாத்தேயோன்னு ஒருத்தரைத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"மாப்பிள்ளைச் சுவர் கட்டினவரா?"

வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனாள். சரிவில் மண் இறங்காமல் இருக்க, சுண்ணாம்பு இல்லாமல் வெறும் கல்லாக அடுக்கிய நீளமான சுவர். மலைக்கு அப்பாலிருந்து ஆட்டுக்கு மயிர் கத்தரிக்க வந்தவராம் மாத்தேயோ. வீட்டில் ஒரே மகள். அவர் திரும்பிப் போகவில்லை.

"அவரோட சொந்தப் பேரு?" என்றார் அப்பா.

"இங்க யாரு அதைக் கேட்டிருக்கப் போறாங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். "நீ தேடினதோட இது பொருந்துதா?"

இன்னும் சரிபார்க்க வேண்டும் என்றுதான் வழக்கமாகச் சொல்வேன். "பொருந்துது அப்பா. அவர் இங்க பொறக்கல" என்றேன்.

அத்தான் சிரிப்பார் என்று பயந்தேன். அவர் குனிந்து சுவரின் கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர்க் கடையில் பூண்டு போட்டு வறுத்த ரொட்டித் துகளும் திராட்சையும் சாப்பிட்டோம். அப்பா தட்டைக் கிளறிக்கொண்டே இருந்தார். பிறகு கரண்டியை வைத்தார்.

"அப்பன் புள்ளைக் கதை போச்சு மாப்ள. இந்தப் பேரைத் தூக்கிட்டு வந்ததே ஒரு மாப்பிள்ளைதான். இனி உரிமைன்னு எதுவும் பேச மாட்டேன். உங்ககிட்ட கேக்கறேன், அவ்வளவுதான்."

"அவருக்கு வீடு, நிலம், ஆட்டு மந்தைன்னு குடுத்தாங்க. எனக்கு என்ன குடுப்பீங்க மாமா?"

அத்தான் விளையாட்டாகத்தான் கேட்டார். அப்பா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "கார் நிறுத்தற இடம்" என்றார்.

அக்காவுக்குக் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறியது. எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில், தூணுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த இடத்தை அப்பா விருந்தாளிகளுக்குக்கூடக் கொடுத்ததில்லை.

"சுமக்கறவ ஒருத்தி இங்க உக்காந்திருக்கேன். ரெண்டு பேரும் மாடு வாங்கற மாதிரி பேசறீங்க" என்றாள் அக்கா. பிறகு அத்தானிடம் மெதுவாக, "நிஜமாவே உனக்குச் சரியா?"

"எங்கம்மாகிட்ட நீ சொல்றதா இருந்தா, சரி."

குழந்தை பிறந்தது. பெண். நுனிலா அராஸ்கோல் ரூயிஸ். வகுப்பில் கொடுத்த வம்சப் படத்தில் மாத்தேயோவின் தந்தைக்கான கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினேன். எதையாவது ஊகித்து எழுதியிருக்கலாமோ என்று இப்போதும் தோன்றுகிறது. எழுதவில்லை.

இப்போது உறைபனிக் காலம். வேலை முடிந்து வரும்போது, வண்டி நிறுத்த இடம் தேடி அப்பா தெருவைச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன். நேற்று எதிர்வீட்டுக்காரர் அவரிடம், "உன் இடம் என்னப்பா ஆச்சு?" என்று கேட்டார்.

"அங்க அராஸ்கோல் வீட்டு மாப்பிள்ளை வண்டி நிக்குது" என்று சொல்லிவிட்டு, அப்பா அடுத்த சுற்றுக்குத் திருப்பினார்.