க்ரோவ்டன் கல்லூரியின் கடைசி உதை

உலகில் பேரரசுகள் சரிந்த நாள்களோடு சேர்த்து எண்ண வேண்டியது, டெக்ஸாஸில் க்ரோவ்டன் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி கலைக்கப்பட்ட நாள். ஒரே ஒரு வித்தியாசம். பேரரசுகள் சரிவதற்கு முன் எப்போதாவது ஜெயித்திருக்கும்.

2006 நவம்பரில், கடைசி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கையில், கல்லூரித் தலைவர் பெற்றோரை அரங்கில் கூட்டினார். பாரம்பரியம், தியாகம் என்று கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துப் பேசிவிட்டு, இன்றோடு அணி கிடையாது என்றார். "இது முடிவல்ல, மறுபிறப்பு."

ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்டிலிருந்து வந்திருந்த கோபாலசாமி எழுந்தார். மறுபிறப்பெல்லாம் எங்களுக்கும் தெரியும், அதற்கு முதலில் உயிர் போக வேண்டும், இன்னும் ஓர் ஆட்டம் பாக்கியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். தலைவர் புன்னகைத்தார். மறுநாள் மைதானத்துக்குப் பூட்டுப் போட்டார்.

கோபாலசாமிக்கு அந்த ஆட்டத்தில் ஓர் இழவும் புரியாது. அவர் கவலை மகன் இனியன். பந்தைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி. உடனே ஒருவன் வந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்தால் இன்னொன்று. அந்த ஒருவன்தான் இனியன். முன்பெல்லாம் சீனியர் ஒருவன் உதைத்தான். இவன் சீனியரான வருடம் யாரும் கோட்டைத் தாண்டவில்லை. நான்கு வருடமும் பெஞ்சில் உட்கார்ந்ததோடு சரி.

"அப்பா, ஐ ஜஸ்ட் வான்ட் ஒன் கிக்," என்றான் காரில்.

"பேருலயே ஃபுட் இருக்குது. அத்தன தடியனுங்கள்ல காலால உதைக்கறவன் நீ ஒருத்தன்தான். உன்னைய உதைக்க விடாம இழுத்து மூடிருவானுங்களா? பாத்துக்கலாம்டா."

அந்தச் சனிக்கிழமை தமிழ்ச் சங்கத்தின் தீபாவளி விளையாட்டு விழா. பூங்கா ஏற்கெனவே புக் ஆகியிருந்தது. அங்கேயே ஆட்டத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கோபாலசாமி செயலாளர் விசாலாக்ஷியிடம் கேட்டார்.

"லெமன் ஸ்பூன் முடிஞ்சதும் விளையாடட்டும் கோபால் சார். ஆனா மியூசிக்கல் சேருக்கு கிரவுண்ட கிளியர் பண்ணிடணும். லேடீஸ் கத்துவாங்க."

"இதெல்லாம் லீக்ல கவுன்ட் ஆகுங்களா?" என்றார் மனைவி சாந்தி.

"அவனுங்க பண்ணாட்டி என்ன? நாம கவுன்ட் பண்ணிக்குவோம்."

அணி வந்தது. எதிரணியும் வந்தது, சுலபமான வெற்றியைக் கைவிட அவர்களுக்கு மனமில்லை. ஷாமியானா கம்பங்கள் இரண்டை நட்டார்கள். முன்னாள் மாணவர் ஒருவர் நடுவர். பந்து நடுவே போனால் இரண்டு கைகளையும் தூக்க வேண்டும் என்று, கம்பத்தடியில் நிற்க வந்த பத்மநாபனிடம் அவர் விளக்கினார். சங்கத்தின் கிரிக்கெட் அம்பயரான பத்மநாபன் பாதியிலேயே கையமர்த்தினார்.

"இருபது வருஷமா அம்பயரிங் பண்றேன். எனக்கேவா?"

நாற்பத்தெட்டுக்குப் பூஜ்யம் என்று ஆட்டம் முடியப்போகும் நேரத்தில், மியூசிக்கல் சேரை டெஸ்ட் பண்ணுவதற்காக யாரோ பாட்டைப் போட்டுவிட்டார்கள். எதிரணி திகைத்து நின்றது. க்ரோவ்டன் பையன் ஒருவன் நிற்காமல் ஓடிக் கோட்டைத் தாண்டினான்.

இனியன் வந்தான். லெமன் ஸ்பூன் குழந்தைகள்கூட கோட்டோரம் கூடின. ஓடி வந்து உதைத்தான். பந்து எகிறி, வேலியைத் தாண்டி, பார்க்கிங்கில் விழுந்தது. பத்மநாபன் இரண்டு கைகளையும் உயர்த்தினார். நடுவர் விசில் ஊதினார். தோற்ற அணி இனியனைத் தோளில் தூக்கியது. சாந்தி அழுதார்.

கோபாலசாமி அங்கிருந்தே கல்லூரித் தலைவருக்குப் போன் போட்டு, வாய்ஸ்மெயிலில், உங்கள் அணி ஏழு புள்ளியோடு முடிந்தது, ஆறு என்று எவனாவது எழுதினால் வழக்குப் போடுவேன் என்றார். பிறகு பத்மநாபனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கரெக்டா பாத்தீங்க சார்!"

"பின்னே? பவுண்டரிக்கு வெளிய விழுந்தா சிக்ஸர்தானே!"

பந்து இடது கம்பத்துக்குப் பத்தடி வெளியே போயிருந்தது.