பேர் இருந்த இடம்

இழவு வீட்டுக்கும் பிரபலமான பாட்டு வேண்டியிருக்கிறது இந்தக் காலத்தில். தேனியிலிருந்து கம்பம் வரை எங்கே சாவு விழுந்தாலும், பந்தல் போட்டு முடிக்கும் முன்பே ஓடைப்பட்டி சங்கிலியம்மாளின் ஒப்பாரி ஒலிபெருக்கியில் வந்துவிடும். இத்தனைக்கும் அவள் பாட்டுக்காரி அல்ல; திராட்சைத் தோட்டத்தில் கொத்து வெட்டுகிறவள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரே மகள் யுவராணி பத்தொன்பது வயதில் காய்ச்சல் கண்டு செத்தபோது, மார்பில் அடித்துக்கொண்டு பாடினாள். யாரோ ஒரு மகராசன் அதைச் செல்போனில் பிடித்துக்கொண்டான்.

"கொத்தறுக்கப் போன நானு
கொடியறுந்து நிக்கேனே, யுவராணி..."

சின்னமனூரில் மைக் செட் வைத்திருக்கும் மாரிசெல்வம் அதிலிருந்து யுவராணியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டான். அப்போதுதானே எண்பது வயதுக் கிழவருக்கும் பொருந்தும். பேர் இருந்த இடத்தில் ஒரு மூச்சு நேரம் சத்தமில்லை. பிறகு அடுத்த அடி.

தோட்டத்தில் நிற்கும்போது பக்கத்து ஊரிலிருந்து அது காற்றில் வரும். கூட வேலை செய்கிறவர்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். சங்கிலியம்மாள் கத்தரியை நிறுத்திவிட்டு அந்த இடைவெளிக்காகக் காத்திருப்பாள். வந்ததும் மனசுக்குள் மகளைக் கூப்பிட்டுக்கொள்வாள். தன் வயிற்றெரிச்சலில் ஊரே குளிர்காய்கிறதே என்று ஆத்திரமாக இருக்கும்.

இரண்டாம் வருஷத் திதியன்று படத்துக்கு மாலை போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, ஆசைதீர அழ உட்கார்ந்தாள். வாயைத் திறந்தால் செட்டில் வருகிற அதே பாட்டு, அதே இழுப்பு. "நிக்கேனே" என்றதும் நாக்கு தானாக நின்றது. ஒரு மூச்சு. பிறகு அடுத்த அடி. மறுபடி பாடினாள், மறுபடி நின்றது. பெற்றவளே பேரை விழுங்கிவிட்டாளே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய் மாரிசெல்வத்தின் கடையில் நின்றாள். அந்தப் பாட்டை அழித்துவிடச் சொன்னாள். அவன் குணத்தில் கெட்டவன் அல்ல. எழுந்து நாற்காலி போட்டான். தான் அழித்துப் பிரயோஜனமில்லை, எல்லா செட்காரர்களிடமும் போய்விட்டது என்றான்.

"அப்ப எம்பிள்ள பேரையாச்சும் திரும்பப் போடு தம்பி."

"பழசு எங்கிட்ட இல்லக்கா. இங்கன உக்காந்து ஒரு தடவ பாடுங்க. பேரோட புதுசாப் பதிஞ்சு எல்லாருக்கும் அனுப்பிர்றேன்."

மைக்கை அவள் முன் வைத்தான். சங்கிலியம்மாள் கண்ணை மூடினாள். இந்தத் தடவை விடக்கூடாது என்று நெஞ்சை இறுக்கிக்கொண்டு பாடினாள். கொத்து வந்தது, கொடி வந்தது, "நிக்கேனே" வந்தது. மாரிசெல்வம் பதற்றத்தோடு அவள் வாயையே பார்த்தான்.

"பேரச் சொல்லுங்கக்கா."

ஒரு மூச்சு நேரம் கழிந்தது. கன்னத்தில் கண்ணீர் இறங்க, அவள் வாய் அடுத்த அடிக்குப் போய்விட்டது.