எதிர் கேலரியில் ஓர் இடம்

நான் பார்த்தால் எங்கள் ஹாக்கி அணி ஜெயிக்காது. இதைக் கண்டுபிடித்தவர் பெரியப்பா. கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். யாருக்கு எந்தப் பார்வை சரியில்லை என்று சொல்வதுதான் அவர் தொழில்.

எண்ணிக்கையில் அவர் பொய் சொல்லவில்லை. ஏழு வருடங்களில் நாற்பத்தொரு ஆட்டங்களை மைதானத்தில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்திருக்கிறேன். முப்பத்து மூன்று தோல்வி, எட்டு டிரா. அதே ஏழு வருடங்களில் அணி மூன்று முறை ஜெயித்தது. மூன்று முறையும் நான் இல்லை.

முதல் வெற்றியின்போது எனக்கு அம்மை. இரண்டாவதன்போது கல்லூரியில் வேதியியல் செய்முறைத் தேர்வு. மூன்றாவது ஆட்டத்துக்குப் போயிருந்தேன். ஒரு கோல் பின்தங்கியிருந்தபோது பெண்கள் கழிவறைக்குப் போனேன். வரிசை நீளம். திரும்பி வந்தபோது விசில் ஊதி முடிந்திருந்தது, இரண்டு கோல் போட்டு ஜெயித்திருந்தோம். எங்களோடு ஆட்டம் பார்க்க வரும் தபால்காரர் அழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, பெரியப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

எங்கள் ரசிகர் கூட்டம் மொத்தம் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு மிகவும் பிடித்த மூன்று ஆட்டங்களுக்கும் இப்போது பெயர் உண்டு: அம்மை ஆட்டம், பிராக்டிகல் ஆட்டம், பாத்ரூம் ஆட்டம். எங்கே நான்கு பேர் கூடினாலும் இந்த மூன்றில் ஒன்று வந்துவிடும். அம்மை ஆட்டத்தில் எங்கள் சென்டர் ஃபார்வர்ட் ஆறு பேரைத் தாண்டிப் போய் கோல் அடித்தார் என்பார்கள். நான் முதலில் கேட்டபோது மூன்று பேர்தான். கணக்கு டீச்சர் சொல்லும்போது மட்டும் ஏழு.

நான் இல்லாமல் தோற்ற ஆட்டங்களும் நிறைய உண்டு. அவை யாருக்கும் ஞாபகம் இல்லை.

இந்த வருடம் கடைசி ஆட்டம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணியோடு. ஜெயித்தால் முதல் பிரிவில் நீடிக்கலாம். டிரா ஆனாலும் தோற்றாலும், இந்த வருடம் கொண்டுவந்த புது ஏற்பாட்டின்படி இரண்டாம் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பா கடையில் கூட்டம் போட்டார்கள். கண் பரிசோதனை அறையில் எழுத்துப் பலகைக்குக் கீழே எல்லாரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். இந்தத் தடவை விடுவதில்லை என்று பெரியப்பா ஆரம்பித்தார். ஏழு வருடமாக அவர் அப்படித்தான் ஆரம்பிக்கிறார். கோல்கீப்பருக்கு முழங்கால் சரியாகிவிட்டது, இடது பக்கம் ஆடும் பையனுக்குப் புது ஷூ வந்திருக்கிறது, எதிரணிக்கு அந்த ஷூவைப் பற்றித் தெரியாது என்று நல்ல சேதிகளை அடுக்கினார்.

பிறகு என்னைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றார் தபால்காரர், ரொம்ப மரியாதையாக, என் முகத்தைப் பார்க்காமல். கணக்கு டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் உட்கார வைத்தால் அது வெறும் பூஜ்யம்தான் என்றார்.

"மைனஸ இந்தப் பக்கத்துலேருந்து எடுத்து அந்தப் பக்கம் போட்டா என்ன ஆகும்?" என்று அறையைப் பார்த்துக் கேட்டார்.

முப்பது வருடம் வகுப்பெடுத்த குரல். என்னைத் தவிர எல்லாரும் ஒன்றாகச் சொன்னார்கள். "பிளஸ்."

எனக்கு எதிரணியின் பச்சைச் சட்டையைப் போட்டுவிட்டு அவர்கள் கேலரியில் உட்கார வைப்பது என்று முடிவாயிற்று.

எனக்கு அதிகம் பேச்சு வராது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க நான் பேசும் அதிகபட்ச வார்த்தைகள், கையை மடக்குங்க, ஆச்சு. ஆனால் அன்று வாயைத் திறந்தேன். யார் தொடர்ந்து மைதானத்துக்குப் போனாலும் இதே கணக்குதான் வரும், ஏனென்றால் நாம் பெரும்பாலும் தோற்கிறோம் என்றேன்.

"அப்ப நம்ம பசங்க சரியா ஆடறதில்லங்கறியாம்மா?" என்றார் பெரியப்பா.

பன்னிரண்டு பேர் ஏழு வருடமாக எட்டிப் பார்க்காத பள்ளம் அது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு ராசி இல்லை என்பது அவர்களுக்கு ஆறுதல். அதைப் பிடுங்க மனம் வரவில்லை.

பெரியப்பாவுக்குச் சந்தோஷம். இது மட்டும் பலித்துவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து எல்லா ஆட்டத்துக்கும் உனக்கு அங்கேதான் இடம் என்று என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

எனக்குச் சிக்கலே அங்கேதான். எங்கள் மேற்கு கேலரியில் மேல் வரிசையில், தூணுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. சுற்றி எல்லாரும் கத்துவார்கள். நான் கத்த வேண்டியதில்லை, பேச வேண்டியதில்லை, ஆனால் கூட்டத்தில் ஒருத்தி. உலகத்தில் வேறு எந்த இடமும் எனக்கு அப்படி இல்லை. அணி ஜெயித்தால் அந்த இடம் போகும். தோற்றால் இடம் கிடைக்கும், அணி இறங்கும். எதை விரும்புவது என்று மூன்று நாள் யோசித்தேன். இரண்டு ரத்த மாதிரிகளுக்குச் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டு, நல்ல வேளையாகக் கவனித்துத் திருத்தினேன்.

ஆட்டத்தன்று தபால்காரர் பச்சைச் சட்டை கொண்டுவந்து கொடுத்தார். பெரியப்பாவின் உத்தரவுகள் இரண்டு. நம் பையன்களைப் பார்க்கக் கூடாது. அவர்களுடைய கோல்கீப்பரை மட்டும் பார்க்க வேண்டும், கண் கொட்டாமல்.

கிழக்கு கேலரியில் ஓர் அம்மாள் பக்கத்தில் இடம் கிடைத்தது. மடியில் ஃபிளாஸ்க், கையில் பிஸ்கட் பொட்டலம். கேட்காமலே எனக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்தார். தன் வாழ்க்கையிலேயே மறக்க முடியாத ஆட்டம் மஞ்சள் சட்டைக்காரர்களை, அதாவது எங்களை, ஆறுக்குப் பூஜ்யம் அடித்தது என்று சொன்னார். அன்று மழை, நாலாவது கோலில் பந்து தண்ணீரில் சறுக்கிக்கொண்டு போனது என்றெல்லாம் விவரித்தார். எனக்கும் ஞாபகம் இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து.

பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு ரகசியம் சொன்னார். அவருடைய கொழுந்தனுக்கு ராசியே கிடையாதாம். லிஃப்ட் மெக்கானிக். ஊரெல்லாம் ஏற்றிவிடுகிறவர், மைதானத்துக்குள் கால் வைத்தால் அணி இறங்கிவிடுமாம். ஒன்பது வருடமாக அவர் பார்த்த ஆட்டம் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை.

"இந்தத் தடவ அவர எங்க உக்கார வெச்சிருக்கோம் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நான் மெதுவாக எதிர்ப்பக்கம் பார்த்தேன். மேல் வரிசையில், தூணுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில், என் இடத்தில், ஒல்லியான ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். மஞ்சள் சட்டையில் கடை மடிப்பு இங்கிருந்தே தெரிந்தது. எல்லாரும் கை தட்டி முடித்த பிறகு தட்டினார்.

இடைவேளையில் கோல் கணக்கு ஒன்றுக்கு ஒன்று. தேநீர்க் கடை கோல் கம்பத்துக்குப் பின்னால், இரண்டு கேலரிக்கும் பொது. அந்த ஒல்லி மனிதர் எனக்கு முன்னால் வரிசையில் நின்றார். என் பச்சைச் சட்டையை ஏக்கமாகப் பார்த்தார்.

"உங்க அண்ணி பிஸ்கட் குடுத்தாங்க," என்றேன்.

அவர் வரிசையிலிருந்து ஓர் அடி விலகினார். ஓடிவிடுவார் என்று நினைத்தேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, நின்றுவிட்டார். நான் யார், எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. பிறந்தது முதல் தனக்கு மட்டும்தான் இந்த வியாதி என்று நினைத்திருந்தவர் போல. தனக்கும் எங்கள் கோல்கீப்பரைப் பார்க்கத்தான் உத்தரவு என்றார். முதல் பாதி முழுக்க அந்த முழங்காலையே பார்த்துக் கண் வலிக்கிறது, தங்கள் பையன்கள் அடித்த கோலைக்கூடப் பார்க்கவில்லை என்றார்.

"ஒம்பது வருஷம்மா. ஒண்ணே ஒண்ணு ஜெயிக்கறத கண்ணால பாக்கணும். ரெண்டாவது பாதியில நான் எங்க பசங்களத்தான் பாக்கப் போறேன். யார்கிட்டயும் சொல்லிடாத."

அப்படியானால் நானும் எங்களவர்களையே பார்க்கிறேன் என்றேன். இரண்டு கோளாறுகளும் அடிபட்டுப் போகும். ஆட்டத்தை ஆடுகிறவர்களே ஆடிக்கொள்ளட்டும். அவருக்கு அது பிடித்திருந்தது. வேறு வேறு பக்கம் நடந்தோம்.

இரண்டாவது பாதியில் நான் எங்கள் பையன்களைப் பார்த்தேன். புது ஷூ போட்டவன் அருமையாக ஓடினான், பந்து மட்டும் கூட வரவில்லை. அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். நாங்கள் ஒன்று திருப்பினோம். இரண்டுக்கு இரண்டு. கடைசி நிமிடத்தில் எங்களுக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது: கோல் கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுவார்கள், எதிரணியில் ஐந்து பேர் மட்டும் தடுக்கலாம்.

கைபேசி அதிர்ந்தது. பெரியப்பா. கீப்பர பாரு, என்று இரண்டே வார்த்தை.

அந்த நேரத்தில் ஒரு விஷயம் தெளிவாயிற்று. மூன்று நாளாக எதை விரும்புவது என்று யோசித்ததெல்லாம் வீண். நான் இருக்கை நுனிக்கு வந்திருந்தேன். இடம் போனால் போகட்டும். இவர்கள் ஜெயிக்க வேண்டும்.

கீப்பரைப் பார்க்கவில்லை. கோட்டிலிருந்து பந்து வந்தது. நிறுத்தினார்கள். எங்கள் பையன் குனிந்து, ஸ்டிக்கால் பந்தை இழுத்து, உடம்பைச் சுழற்றி வீசினான். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் போய், கீப்பரின் இடது காலுக்கு வெளியே வலையில் விழுந்தது. மூன்றுக்கு இரண்டு.

யாரோ ஒரு பெண் "கோல்" என்று கத்தினாள். கிழக்கு கேலரி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நான்தான். நின்றுகொண்டிருந்தேன், கை இரண்டும் மேலே இருந்தன.

பிஸ்கட் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எதிர் கேலரியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"அடிப்பாவி. நீ அவங்க ஏற்பாடா?" என்றார். கோபம்தான், ஆனால் உதடு ஓரத்தில் சிரிப்பு ஒட்டியிருந்தது. மீதி பிஸ்கட்டை என் கையில் திணித்து, மற்றவர்கள் சுதாரிப்பதற்குள் ஓடிப்போகச் சொன்னார்.

இறுதி விசில் ஊத, மைதானத்தைச் சுற்றி ஓடினேன். மேற்கு கேலரியில் எல்லாரும் எல்லாரையும் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா லிஃப்ட் மெக்கானிக்கின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். இந்த மனிதர் வந்து உட்கார்ந்த நேரம்தான் நேரம், என்ன ராசி, என்ன ராசி என்று சொல்லிக்கொண்டிருந்தார். மெக்கானிக் சிரிப்பது போல முகத்தை வைத்திருந்தார். அவர் தன் அணிப் பையன்களைத்தான் பார்த்திருக்கிறார். அவர்கள் தோற்றுவிட்டார்கள். இனிப் பத்தாவது வருடம்.

என்னைக் கண்டதும் பெரியப்பா அறிவித்தார்: அடுத்த வருடம் இதே ஏற்பாடு, இவள் அங்கே, இவர் இங்கே. கணக்கு டீச்சர் தலையாட்டினார்.

கத்தியதில் தொண்டை ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தது. மூடுவதற்குள் சொல்லிவிட்டேன்.

"பெரியப்பா, நான் கீப்பர பாக்கல. ரெண்டாவது பாதி முழுக்க நம்ம பசங்களத்தான் பாத்தேன். கடைசி கார்னர்ல பந்து உள்ள போற வரைக்கும் கண்ண எடுக்கல. நான் பாத்துதான் ஜெயிச்சோம்."

தபால்காரர் உட்கார்ந்துவிட்டார். கணக்கு டீச்சர்தான் முதலில் பேசினார். பொய் என்று காட்ட ஓர் உதாரணம் போதும், விதி உடைந்துவிட்டது என்று வருத்தமாக ஒப்புக்கொண்டார். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மனம் வேலை செய்வது வெளியிலேயே தெரியும். துடைத்து மாட்டிக்கொண்டபோது முகம் பிரகாசமாகியிருந்தது.

"அப்ப உனக்கு ராசி திரும்பிடுச்சுன்னு அர்த்தம். இனிமே இந்த எடத்த விட்டு நகரக் கூடாது. ஒரு ஆட்டம்கூட விடக் கூடாது. தண்ணி குடிக்காத, பாத்ரூம் போகாத."

இடம் கிடைத்துவிட்டது. அடுத்த வருடம் ஒரு தோல்வி வரும்வரை பத்திரம். அதற்கடுத்து என்ன விதி வருமோ, பார்த்துக்கொள்ளலாம்.

மெக்கானிக் நைசாக நழுவப் பார்த்தார். பெரியப்பா விடவில்லை. எந்தத் தெரு, என்ன வேலை, இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தீர்கள் என்று கேள்வியாக அடுக்கினார். அவர் என்னைப் பார்த்தார். நான் உண்மையைச் சொன்னால் பெரியப்பா இப்போதே ஒரு புது விதி செய்துவிடுவார். இவரும் கிழக்கு கேலரிக்குத் திரும்பிப் போய் அதே ராசியோடு உட்கார வேண்டும். நான் உண்மையைச் சொல்லித் தப்பித்தேன், அவர் உண்மையைச் சொன்னால் மாட்டிக்கொள்வார்.

"எங்க லேபுக்கு வருவாரு பெரியப்பா. நம்ம ஆளுதான்," என்றேன்.

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று தெரியாது. பெரியப்பா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அடுத்த வருடம் என் பக்கத்தில் அவருக்கும் இடம் என்றார். மெக்கானிக் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்களோடு வாசல்வரை வந்தார். அவருடைய ஸ்கூட்டர் கிழக்கு வாசலில் நின்றது, நாங்கள் மேற்கு வாசலில் வெளியேறினோம். பெரியப்பா கையை விடாததால் பேருந்திலும் ஏறிவிட்டார். பேருந்து அவர் வீட்டுக்கு நேர் எதிர்த் திசையில் கிளம்பியது.

உள்ளே தபால்காரர் அன்றைய கோலைக் கதையாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார். அதற்குள் பந்து இரண்டு முறை கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தது, கார்னர் தடுக்க எட்டுப் பேர் ஓடிவந்திருந்தார்கள். மெக்கானிக் கம்பியைப் பிடித்து நின்று, வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். முதல் நிறுத்தம் வந்தது. இங்கே இறங்கித் திரும்பிப் போங்கள் என்று கண்ணால் காட்டினேன். பேருந்து நின்றது, கிளம்பியது. அவர் இறங்கவில்லை. கோல் இன்னும் விழவில்லை.